வாக்ஸ் போடும் வரை

காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மாறனுக்கும் மதிவதனிக்கும் நடுவில் மிச்சம் ஒன்றும் இல்லை என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். நகைகள் முன்பே போய்விட்டன. பீரோவும் கட்டிலும் பித்தளைப் பாத்திரங்களும் ஒரு மினி லாரியில் ஏறி அவள் ஊரான கீழ்பென்னாத்தூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. கல்யாணத்தில் மாமனார் சுப்பிரமணி வாங்கிக் கொடுத்த வெள்ளைக் கார் மட்டும் மாறனின் வேங்கிக்கால் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. அதுவும் போனதும் இரண்டு பேரும் வக்கீலைப் பார்த்து விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியது, அவ்வளவுதான்.

அன்றைக்கே அதையும் ஓட்டிக்கொண்டு போயிருப்பார்கள். சாவியைக்கூட மாறன் எடுத்து நீட்டிவிட்டான். சுப்பிரமணி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இடது பக்கம் முன்கதவில் தொடங்கிப் பின்விளக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருந்த கீறலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நான் முழுசாத்தான் குடுத்தேன். முழுசா வரட்டும் தம்பி" என்றார்.

அதுவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்ட வாய் அது. தம்பி என்று அவர் சொன்னது மாறனின் காதில் விழுந்தது. வலிக்க வேண்டிய இடம் எது என்று தனக்குள் தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை. சரி என்று தலையாட்டிச் சாவியைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அந்தப் பேச்சுவார்த்தையில் பெரியவர்களுக்குத்தான் சங்கடம். குடிக்கிறானா என்று கேட்டார்கள். இல்லை என்றாள் மதிவதனி. கை நீட்டினானா? இல்லை. வேறு யாராவது இருக்கிறார்களா? அதுவும் இல்லை. மாமியார் தொல்லையா என்று கேட்டபோது மாறனின் அம்மா பாஞ்சாலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கும் இல்லை என்றே பதில் வந்தது. பின்னே என்னதான்மா குறை என்று ஒருவர் அலுத்துப்போய்க் கேட்டார்.

"வீட்ல இன்னொரு ஆளு இருக்கற மாதிரியே இல்லீங்க" என்றாள் மதிவதனி.

அவளுடன் வந்திருந்த பெரியம்மா தங்கம்மாள், பேசாத புருஷன் அமைவதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், என் வீட்டுக்காரர் ஒரு நாள் வாயை மூடினால் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல, பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. மதிவதனி சிரிக்கவில்லை. மாறன் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னது சரி என்றுதான் அவனுக்கும் பட்டது. அதை எழுந்து சொல்லலாமா என்று யோசித்தான். அதற்குள் பேச்சு பாத்திரங்களுக்குப் போய்விட்டது.

செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துக்கு அருகே ஒரு சந்தில் இருக்கும் தங்கும் விடுதியை அவன் பார்த்துக்கொள்கிறான். வெளிநாட்டுக்காரர்களும் வடக்கத்திக்காரர்களும் வந்து வாரக்கணக்கில் தங்குவார்கள். சிலர் மௌனத்தில் இருப்பதாக எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவார்கள். வெந்நீர் வரவில்லை என்றால் குழாயைக் காட்டிக் கையை விரிப்பார்கள். கல்யாணமான புதிதில் மதிவதனி அங்கே வந்து இதையெல்லாம் பார்த்துவிட்டு, அந்த அட்டையில் ஒன்றை நீங்களும் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள், பார்க்கிறவர்களுக்காவது காரணம் தெரியும் என்றாள். அப்போது அதில் கேலிதான் இருந்தது. போகப்போகக் கேலி கம்மியாகிவிட்டது.

அவனிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் இல்லை. ஒவ்வொன்றும் உள்ளே எழும்பி, வாய்க்கு வருவதற்குள் ஆறிப்போய்விடும். ஆறியதை எடுத்து யாருக்கு வைப்பது என்று விட்டுவிடுவான். புத்தகம் இருந்தால் போதும், நாள் கழிந்துவிடும். அவள் ஒரு அறையில் தொலைக்காட்சி பார்ப்பாள். இவன் இன்னொரு அறையில் படித்துக்கொண்டிருப்பான். நடுவில் பாஞ்சாலை சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்து சத்தம் உண்டாக்குவாள்.

காரில் அந்தக் கீறல் விழுந்தது ஒரு பௌர்ணமியன்று. கிரிவலக் கூட்டத்துக்காக வண்டிகளை ஒரு குறுகலான தெருவுக்குள் திருப்பிவிட்டிருந்தார்கள். ஓரமாக நின்ற டிராக்டர் ட்ரெயிலரின் மூலை, மாறன் திருப்பும்போது இடது பக்கத்தைக் கிழித்துக்கொண்டே வந்தது. தகரம் கத்தியது. அவன் இறங்கிப் போய்க் கதவைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான், தடவினான், திரும்ப ஏறி வீடு வரை ஓட்டி வந்தான். மறுநாள் காலையில் துணி மடித்துக்கொண்டிருந்த மதிவதனி தலை நிமிராமல் சொன்னாள்.

"கதவப் பாத்தீங்க. கண்ணாடியப் பாத்தீங்க. அந்தப் பக்கம் நான் உக்காந்திருந்தேன்."

"உனக்குத்தான் ஒண்ணும் ஆகலயே" என்றான் மாறன்.

அது உண்மைதான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மாதக் கடைசியில் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். பிறகு வரவில்லை.

பேச்சுவார்த்தை முடிந்த வாரமே காரை அவலூர்பேட்டை ரோட்டில் ராமகிருஷ்ணன் நடத்தும் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறையில் விட்டான். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் பழைய வெள்ளையும் புது வெள்ளையும் ஒட்டாது என்று முழு வண்டியையும் அடித்தார்கள். எடுக்கப் போன அன்று அது வாசலில் நின்ற கார் மாதிரியே இல்லை. கீறல் இருந்த இடத்தை விரலால் தேடினான். அகப்படவில்லை.

பளபளப்புக்கு வாக்ஸ் பாலிஷும் போட்டே கொடுத்துவிடுங்கள் என்றான் மாறன். ராமகிருஷ்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"இப்ப போடவே கூடாதுங்க. தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும், உள்ள இன்னும் பச்சையாத்தான் இருக்குது. பெயிண்ட்ல கலந்த தின்னரு மெல்ல மெல்ல வெளிய போவணும். இப்பவே வாக்ஸ் போட்டு மூடிட்டா அது உள்ளயே தங்கிகினு கலர மங்க வச்சிரும்."

எவ்வளவு நாள் விட வேண்டும் என்று கேட்டதற்கு, வெயில் அடித்தால் ஒரு மாதம் போதும், மழை பிடித்துக்கொண்டால் இரண்டு மாதம் என்றான். சில கம்பெனிக்காரர்கள் மூன்று மாதம்கூடச் சொல்கிறார்கள், அதெல்லாம் ரொம்ப ஜாஸ்தி என்று தானாகவே சேர்த்துக்கொண்டான். அதுவரை பச்சைத் தண்ணீர் மட்டும்தான், சோப்பு கூடாது. கவர் போட்டு மூடக் கூடாது. காக்காய் எச்சம் விழுந்தால் உடனே கழுவிவிட வேண்டும். பூ, இலை எதுவும் ஒட்டிக்கொண்டு கிடக்கக் கூடாது.

வீட்டுக்கு ஓட்டி வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி மாறன் சுப்பிரமணிக்குப் போன் செய்தான். பெயிண்ட் அடித்தாயிற்று, வாக்ஸ் போட மூன்று மாதம் ஆகும் என்றான். மூன்று என்று எப்படி வாயில் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. சுப்பிரமணிக்கு மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை வியாபாரம். பின்னால் மூட்டை போடும் சத்தம் கேட்டது. பச்சையாக இங்கே கொண்டுவந்து மண்டித் தூசியில் நிறுத்தி ஏதாவது ஆகிவிட்டால் நாளைக்குப் பேச்சு வரும், வாக்ஸ் போட்டே கொடுத்துவிடு தம்பி என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த இடத்திலேயே மாறன் கணக்குப் பார்த்தான். மூன்று மாதம் என்றால் கார்த்திகை வந்துவிடும். தீபத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும், விடுதியை விட்டு நகர முடியாது. அதற்குப் பிறகு மார்கழி. மார்கழியில் யாரும் எதையும் முடித்துக்கொள்ள மாட்டார்கள். தை ஆகிவிடும். தையில் என்ன என்று அவன் மேற்கொண்டு யோசிக்கவில்லை. வாக்ஸ் போடாத வரைக்கும் கார் வாசலில் நிற்கும். கார் நிற்கிற வரைக்கும் ஒன்றும் முடியவில்லை. அந்த இடைவெளியில் தான் என்ன செய்யப்போகிறோம் என்று அவனுக்குத் தெரியாது. இடைவெளி இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது.

தினமும் விடிந்ததும் ஒரு பக்கெட் தண்ணீரும் பனியன் துணியுமாக வாசலுக்கு வந்தான். எதிர்வீட்டுப் புங்க மரத்தின் நிழல் வண்டியின் மேல் விழாதபடி தள்ளி நிறுத்தினான். விடுதியில் இருக்கும்போது காக்காய் கத்தினால்கூட வண்டி நினைவு வந்தது. பாஞ்சாலை வாசல் தெளித்துக்கொண்டே பார்ப்பாள். கட்டிக்கொண்டு வந்தவளை ஒரு நாள் இப்படித் திரும்பிப் பார்த்திருக்கிறாயா என்று ஒரு காலையில் கேட்டாள். மாறன் துணியைப் பிழிந்து காயப்போட்டான்.

முதல் போன் இரண்டு வாரம் கழித்து வந்தது. மதிவதனியின் பெயர் திரையில் ஒளிர்ந்தபோது அவன் விடுதி வரவேற்பறையில் இருந்தான். எடுத்ததும், பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று கேட்டாள். இன்னும் வாசனை வருகிறது என்றான். அப்படியா என்றாள். மேலே யாரோ ஒருவர் மாடிப்படியில் இறங்கும் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு, சரிங்க என்று அவள் வைத்துவிட்டாள்.

அடுத்த வாரமும் கேட்டாள். வெயில் பட்டால் கதவு ஓரத்தில் வாசனை வருகிறது, மற்ற இடத்தில் கம்மி என்றான். அதற்கடுத்த முறை அவள் கூப்பிட்டபோது புரட்டாசி மழை பிடித்திருந்தது. அங்கேயும் மழை, மல்லாட்டையைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். வண்டியை உள்ளே தள்ளி நிறுத்தியிருக்கிறேன், மழையென்றால் காய்வதற்கு இன்னும் நாளாகும் என்றான். இரண்டு ஊர் மழையும் ஒரே போனில் கேட்டுக்கொண்டிருந்தன. அவள் ஏதோ சொல்ல வந்தது போல இருந்தது. மூச்சை இழுத்தாள். பிறகு, அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பரவாயில்லை என்றான்.

போனை வைத்த பிறகு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். மடக்கிப்போட்ட கால் மரத்துவிட்டால் அது தன் கால்தானா என்று கிள்ளிப் பார்ப்பது போல, தனக்குள் எங்காவது ஏதாவது நோகிறதா என்று பார்த்தான். சந்தோஷம் போல ஒன்று தூரத்தில் இருந்தது. எழுந்து போய் அதைத் தொட வேண்டும் என்று தோன்றவில்லை. அவளும் நாள் தள்ளத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். கார்த்திகைக்குள் இன்னும் எத்தனையோ போன் வரும்.

ஆயுத பூஜை அதற்குள் வந்துவிட்டது.

அன்று விடுதியில் ஜெனரேட்டருக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் பொட்டு வைத்துப் படைக்க வேண்டும் என்பதால் அவன் அதிகாலையிலேயே கிளம்பிவிட்டான். மௌன அட்டை மாட்டிய ஒரு வெள்ளைக்காரி மோட்டாரைக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பொரிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவன் வீடு திரும்பியபோது மதியம் ஆகியிருந்தது. தெரு முழுக்க உடைத்த பூசணிக்காயும் குங்குமமும் சிதறிக் கிடந்தன. எல்லா வீட்டு வண்டியும் கழுவித் துடைத்து மாலை போட்டு நின்றன.

அவன் வாசலிலும்தான்.

கார் பளபளவென்று இருந்தது. முன்பக்கம் சாமந்தி மாலை. இரண்டு பக்கமும் வாழைக்கன்று. பானெட்டின் மேல் மஞ்சளும் சந்தனமும் குழைத்து உள்ளங்கை அகலத்துக்கு மூன்று பொட்டு, அதன் நடுவில் குங்குமம். காலையிலிருந்து வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. அடுத்த வீட்டு முருகவேல், டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன், கையில் வட்டமான ஒரு டப்பாவோடு நின்றான். என் வண்டிக்கென்று வாங்கிய வாக்ஸ், நல்ல சரக்கு, பாஞ்சாலை அத்தை கேட்டார்கள் என்று உங்கள் வண்டிக்கும் ஒரு கை போட்டுவிட்டேன் என்றான். அவன் முகத்தில் உதவி செய்தவனின் சந்தோஷம் இருந்தது. மாறன் டப்பாவைப் பார்த்தான். சரி என்றான். பொரியில் கொஞ்சம் அவனுக்குக் கொடுத்தான்.

முருகவேல் போன பிறகு மாலையை எடுத்து வைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றிப் பொட்டைக் கழுவினான். சந்தனம் கரைந்து போனது. அடியில் மூன்று மஞ்சள் வட்டம் அப்படியே இருந்தது, நடுவில் வெளிறிய சிவப்பு. தேய்த்தான். துணிதான் நிறம் மாறியது. பக்கவாட்டில் குனிந்து பார்த்தால், வாக்ஸ் தேய்த்த இடமெல்லாம் கண்ணாடியில் யாரோ வாய் வைத்து ஊதியது போலத் திட்டுத் திட்டாகப் புகைந்திருந்தது.

பாஞ்சாலை வாசற்படியில் வந்து நின்றாள்.

"போவலயா?"

"போவாதும்மா. பெயிண்டு இன்னும் பச்ச."

"வாசல்ல நிக்கற வண்டிய ஆயுத பூஜ அன்னிக்கு மொட்டையா வுடுவாங்களா?" என்றாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, காலையிலேயே சுப்பிரமணிக்குப் போன் செய்து வாக்ஸ் போட்டாயிற்று, வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.

மாறன் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"எத்தினி நாளைக்குடா தண்ணி ஊத்தி ஊத்திப் பாத்துகினு இருப்ப? ஒண்ணு போய்க் கூட்டிகினு வா. இல்ல, போறது போவட்டும்னு வுடு. நீ வண்டியப் பாக்கறத என்னால பாக்க முடியல."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. சொல்லிவிட்டுப் படையல் இலையை எடுக்க உள்ளே போனாள். அன்று இரண்டு பேரும் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டார்கள். தொலைக்காட்சியில் ஏதோ பட்டிமன்றம் ஓடியது. மதிவதனிக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லலாம் என்று மாறன் இரண்டு மூன்று தடவை போனை எடுத்தான். எப்படித் தொடங்குவது என்று பார்த்துக்கொண்டிருந்ததில் திரை அணைந்தது.

விஜயதசமி கழிந்த ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். அவள் தம்பி பாலாஜி பைக்கில் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கிவிட்டு டீக்கடைப் பக்கம் ஒதுங்கினான். மாறன் காருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தான். வெயில் ஏறியிருந்தது. அவள் கொஞ்சம் இளைத்திருப்பது போலத் தெரிந்தது. அல்லது சுடிதாரில் பார்த்துப் பழக்கமில்லாததால் அப்படித் தெரிந்திருக்கலாம்.

அப்பாவுக்கு மண்டியில் வேலை, நானே எடுத்துக்கொண்டு போகலாம் என்று வந்தேன் என்றாள். ஓட்டத் தெரியுமா என்று கேட்டான். லைசென்ஸ் எடுத்து இரண்டு மாதம் ஆகிறது என்றாள். அவனுக்கு அது தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அவள் முதலில் இடது பக்கம் போனாள். தான் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவைப் புறங்கையால் தடவினாள். ஒன்றும் தட்டவில்லை. சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தவள் பானெட்டைப் பார்த்து நின்றாள்.

"இது என்ன?"

ஆயுத பூஜைக்கு அம்மா பொட்டு வைத்தாள் என்றான். பெயிண்ட் காயாமல் வைத்ததால் உள்ளே இறங்கிவிட்டது, வாக்ஸும் போட்டிருக்கக் கூடாது, எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்றான். இவ்வளவு நீளமாக அவளிடம் அவன் பேசி வெகுகாலம் ஆகிறது. அவள் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுத் தெருமுனைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பாலாஜி இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அப்பாகிட்ட மூணு மாசம்னு சொன்னீங்க" என்றாள்.

மாறன் பானெட்டின் மேல் கையை வைத்தான்.

"எங்க ஊரு பெயிண்டர் ஒருத்தர்கிட்ட நானும் கேட்டேன். ஒரு மாசம் போதும், மழன்னாகூட ரெண்டு மாசத்துக்கு மேல எதுக்குன்னு கேட்டாரு. நான் அப்பாகிட்ட சொல்லல. மூணு மாசம் எதுக்குன்னு நீங்களே சொல்லுவீங்கன்னுதான் போன் பண்ணிகிட்டே இருந்தேன்."

அவள் குரலில் குற்றம் சாட்டுவது போல ஒன்றும் இல்லை. கடைக்குப் போனதைச் சொல்வது போலச் சொன்னாள்.

"நீங்க வாசன வருது, மழ வருதுன்னே சொல்லிகிட்டிருந்தீங்க."

தெருவில் ஒரு காய்கறி வண்டி ஒலிபெருக்கியில் தக்காளி விலையைச் சொல்லிக்கொண்டு போனது. அது திரும்பி மறைகிற வரைக்கும் இரண்டு பேரும் நின்றார்கள். போகாதே என்று ஒரு சொல் மாறனுக்குள் இருந்தது. இந்த முறை அது ஆறிப்போகவில்லை. தொண்டைவரை வந்து சூடாகவே நின்றது. அவள் காத்திருக்கிறாள் என்பதும் அவனுக்குத் தெரிந்தது. கை, காரின் மேல் இருந்தது. வெயிலில் தகரம் சுட்டது. வாயைத் திறந்தான்.

"பானெட்ட மட்டும் திரும்ப அடிச்சிட்டா சரியாயிடும்" என்றான்.

மதிவதனி அவனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது.

"இந்தத் தடவ எத்தன மாசம் சொல்லுவீங்க?"

அவன் அதற்கும் பதில் தேடினான். ஐப்பசி பிறந்தால் மழை விடாது, அதனால் என்று உண்மையாகவே மனதுக்குள் கணக்குப் போடத் தொடங்கிவிட்டான். அவள் கையை நீட்டினாள். அது சாவிக்காக என்று புரிந்துகொள்ள அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

கறையைப் பார்த்தால் அப்பா ஏதாவது சொல்வார் என்றான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். உள்ளே உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். அவன் தெருவில் இறங்கி நின்று, பின்னால் வரச் சொல்லிக் கையைக் காட்டினான். அவள் அதைப் பார்க்காமலே சுத்தமாக எடுத்துத் திருப்பிவிட்டாள். தெருமுனையில் பாலாஜி பைக்கைக் கிளப்பினான். முதலில் பைக் போனது, பின்னால் கார் போனது.

பாஞ்சாலை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இத்தனை நேரமும் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். காலித் தெருவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"போய்ட்டாளா? தண்ணியாவது குடிச்சாளா?"

மாறன் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உள்ள வான்னு கூப்ட்டியாடா?"

அவன் யோசித்துப் பார்த்தான். அவள் வந்த நேரத்திலிருந்து ஒவ்வொன்றாக நினைவுபடுத்தினான். கேட்டுக்குள்ளேயே அவள் வரவில்லை. காருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வெயிலில்தான் நின்றாள். தாகமாக இருந்திருக்கும். அந்த வீட்டில் தண்ணீர்க் குடம் எங்கே இருக்கும் என்று அவனைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். யாரென்று தெரியாத ஆள் விலாசம் கேட்டு வந்து நின்றால்கூட வாங்க என்றுதான் சொல்வார்கள்.

போனை எடுத்து அவளைக் கூப்பிட்டான். வெகுநேரம் மணி அடித்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தாள். பங்க்கில் பெட்ரோல் போட நிற்கிறோம், என்ன என்றாள்.

"உள்ள வான்னு நான் உன்னக் கூப்பிடவே இல்ல" என்றான் மாறன்.

அந்தப் பக்கம் யாரோ ஒருவர் வண்டியை முன்னால் எடுக்கச் சொல்லும் குரல் கேட்டது. ஹாரன் ஒன்று அடித்து ஓய்ந்தது.

"ஆமா" என்றாள்.

அவள் வைத்துவிடவில்லை. அவனும் வைக்கவில்லை. அவன் அடுத்ததைச் சொல்வதற்கு வேண்டிய அளவு நேரம் இருந்தது. பெட்ரோல் அடிக்கும் இயந்திரத்தின் உறுமலை அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அது நின்றது. பாலாஜி, அக்கா போலாம் என்றான்.

"வெள்ளிக்கிழம வக்கீல் ஆபீஸ்ல பாக்கலாங்க" என்றாள் மதிவதனி.

மாறன் சரி என்று சொன்னபோது அந்தப் பக்கம் ஆள் இல்லை.

பாஞ்சாலை இன்னும் அங்கேயே நின்றாள். என்ன சொன்னாள் என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை என்றான். அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, உலை வைத்திருக்கிறேன், சாப்பிட்டுவிட்டு விடுதிக்குப் போ என்று சொல்லி உள்ளே போனாள். மாறன் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பின்னாலேயே போனான்.